ஒற்றரும் வாய்மையும்: நூர் இனாயத் கானின் வாழ்வு எழுப்பும் ஓர் அறச்சிக்கல்

அரசியல் நூல்கள் ஒற்றரை ஆட்சியின் கண்ணாகப் போற்றுகின்றன. அறநூல்கள் பொய்யைத் தீவினைகளின் முன்வரிசையில் நிறுத்துகின்றன. இவ்விரு நிலைகளும் ஒரே பண்பாட்டுக்குள்ளும், சில வேளைகளில் ஒரே நூலுக்குள்ளும், ஒன்றையொன்று ஏறிட்டுப் பாராமல் அடுத்தடுத்து இருந்து வந்திருக்கின்றன. திருக்குறள் வாய்மையை அறத்துப்பாலில் வைத்துவிட்டு, ஒற்றாடலைப் பொருட்பாலில் வைத்து, ஒற்றர் துறவுக்கோலம் பூண்டும் செல்வதுண்டு என்பதைத் தயக்கமின்றிச் சொல்லிச் செல்கிறது. ஏவுகின்ற அரசனுக்கு இந்தப் பகுப்பு போதுமானது, ஏனெனில் பொய்யைச் சொல்பவன் அவனல்லன். ஏவப்படுகின்ற மனிதருக்கோ அறத்துக்கு ஒரு நாவும் அரசியலுக்கு மற்றொரு நாவும் என்று இரண்டு நாக்குகள் கிடையா. நியாயமான நோக்கம் ஒன்றுக்காகப் பொய்ப்பெயரும் பொய்வேடமும் ஏற்கும் ஒருவர், தம் சமயம் கேட்கும் வாய்மையை அதனால் இழந்துவிடுகிறாரா என்ற கேள்வியை அந்த ஒருவரின் பக்கம் நின்று கேட்டவர்கள் குறைவு. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் பிடியிலிருந்த பிரான்சுக்குள் பிரிட்டன் அனுப்பிய பெண்களின் முதல் தலைமுறையைச் சேர்ந்த நூர் இனாயத் கானின் வாழ்வு அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்குகிறது, ஏனெனில் அவர் பொய்யை ஏற்காத ஒரு வீட்டில் வளர்ந்து, பொய்யையே அடிப்படையாகக் கொண்ட தொழிலுக்குத் தாமாகவே முன்வந்தவர்.

அவர் 1914 ஜனவரியில் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை ஹஸ்ரத் இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்த இசைக்கலைஞர். சூஃபி நெறியை, அதாவது இஸ்லாத்தின் உள்முகமான இறைத்தேட்ட மரபை, எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான அருள்வழியாக மேலை நாடுகளில் போதித்தவர். தாய் ஓரா ரே பேக்கர் அமெரிக்கர். தந்தைவழிப் பாட்டியின் தாய் திப்பு சுல்தானின் பேத்தி என்பது குடும்ப வரலாறு. திப்பு 1799-இல் வீழ்ந்தபின் அவர் மக்களை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில் சிறைவைத்ததையும், 1806-இன் சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அப்புறப்படுத்தியதையும் அறிந்த வாசகருக்கு, அந்தக் குருதியில் வந்த ஒரு பெண் ஆங்கிலேய அரசுக்காக உயிர்கொடுத்தது முரணாகத் தோன்றலாம். நூர் அம்முரணை மறைக்கவில்லை. அதிகாரிகள் குழு ஒன்று நேர்காணலில் கேட்டபோது, போர் முடிந்ததும் இந்திய விடுதலையை ஆதரிக்கவே தாம் கடமைப்பட்டவர் என்ற பொருளில் விடையளித்ததாக அவர் வரலாறு சொல்கிறது. இந்த விடை இக்கட்டுரையின் பொருளோடு நேராகவே தொடர்புடையது: பணி கிடைப்பதற்காகச் சிறிது மழுப்புவது என்பதைக்கூட அவர் செய்யவில்லை.

குடும்பம் பாரிஸை அடுத்த சுரேன் என்னும் ஊரில், ஃபஸல் மன்ஸில் எனப் பெயரிட்ட வீட்டில் குடியேறியது. 1927-இல் தந்தை டெல்லியில் காலமானபோது நூருக்கு வயது 13. துயரத்தில் ஒடுங்கிப்போன தாய்க்குப் பதிலாகத் தம்பியர் இருவரையும் தங்கையையும் பேணும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. பின்னர் குழந்தை உளவியலும் இசையும் பயின்று, சிறுவர்க்கான கதைகள் எழுதினார். புத்தரின் முற்பிறப்புக் கதைகளாகிய ஜாதகங்களிலிருந்து இருபதைத் தேர்ந்து அவர் மறுபடி சொன்ன நூல் 1939-இல் லண்டனில் வெளிவந்தது. தம் உடலையே பாலமாக்கிக் கூட்டத்தைக் கரையேற்றிவிட்டு உயிர்துறக்கும் குரங்கரசனின் கதை அதில் ஒன்று.

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தபோது நூரும் தம்பி விலாயத்தும் எதிர்கொண்ட சிக்கல் வேறொன்று. அகிம்சையை நெறியாகக் கொண்டவர்கள் நாஜிகளுக்கு எதிரான போரில் பங்கேற்கலாமா என்பதே அவர்கள் பேசித் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி. கொலையைத் தடுக்க வல்லவர் கைகட்டி நின்றால் அக்கொலையில் அவருக்கும் பங்குண்டு என்று முடிவுசெய்த அவர்கள், பிறரைக் கொல்ல வேண்டாததும் தமக்கு மிகுந்த ஆபத்து உள்ளதுமான பணியைத் தேடுவது என்ற வழியைக் கண்டதாக விலாயத் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இருவரும் பிரிட்டன் போய்ச் சேர்ந்தபின், விலாயத் கடற்படையில் கண்ணிவெடி அகற்றும் கப்பலுக்குச் சென்றார். நூர் 1940 நவம்பரில் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி இயக்கக் கற்றார். 1942 இறுதியில், எதிரியின் பிடியிலிருந்த நாடுகளுக்குள் எதிர்ப்பு இயக்கங்களை வளர்க்கவும் நாசவேலை செய்யவும் 1940-இல் தொடங்கப்பட்ட எஸ்.ஓ.இ. என்னும் மறைவு அமைப்பு, பிரெஞ்சு மொழியைத் தாய்மொழிபோல் பேசிய அவரை அழைத்துக்கொண்டது. தந்தி இயக்குபவரிடம் துப்பாக்கி இருக்கலாம், ஆனால் அவர் வேலை சுடுவதன்று. கொலையிலிருந்து விலகும் வழி இவ்வாறு கிடைத்தது. ஆனால் அந்த வழி நேராகப் பொய்யின் வாசலில் கொண்டுபோய் விட்டது.

எது பெரிய தீமை என்ற வரிசை சமயத்துக்குச் சமயம் வேறுபடுவதை இங்கே கவனிக்க வேண்டும். குறள் கொல்லாமையை ஒப்பற்ற முதல் அறமாக வைத்துப் பொய்யாமையை அதற்கு அடுத்த இடத்தில் வைக்கிறது. வாய்மை அதிகாரத்திலும், பிறருக்குத் தீங்கில்லாத சொல்லே வாய்மை என இலக்கணம் வகுத்து, குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று இடம் தருகிறது. நூர் குழந்தைகளுக்காக எடுத்தாண்ட ஜாதக மரபோ வரிசையைத் தலைகீழாக்குகிறது. புத்தநிலையை நோக்கிச் செல்லும் போதிசத்துவர் தம் பிறவிகளில் கொலை முதலிய குற்றங்களில் தவறி விழுந்ததுண்டு, ஆனால் உண்மையைக் கெடுக்கும் பொய்யை ஒருபோதும் சொன்னதில்லை என்று ஹாரித ஜாதகம் கூறுகிறது. வாய்மை என்பது அம்மரபில் ஆற்றலுள்ள ஒரு பொருள். ஒருவர் தம்மைப் பற்றிய உண்மை ஒன்றை எடுத்துரைத்து அதன் வலிமையால் தீயை அடக்குவதும் நோயைத் தீர்ப்பதுமாகிய சத்தியக்கிரியை என்னும் சடங்குச் சொல் அந்தக் கதைகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆகவே தீமைகளுள் சிறியதைத் தேர்ந்துகொண்டார் என்று நூரின் முடிவை எளிதாக விளக்கிவிட முடியாது. அவர் வளர்ந்த கதையுலகில் பொய்யே பெரியது.

தந்தையின் சமயமும் இவ்வகையில் எளிய விடையைத் தருவதில்லை. போர் என்பது தந்திரம் என்ற நபிமொழியும், போரிலும், பிணங்கியவரை இணக்குவதிலும், கணவன் மனைவிக்கிடையிலும் உண்மை பிறழ்ந்த சொல்லுக்கு இடமுண்டு என்ற நபிமொழியும் இஸ்லாமியச் சட்ட மரபில் நன்கு அறியப்பட்டவை. பதினோராம் நூற்றாண்டில் பிறந்து, சட்டம் சூஃபி நெறி இரண்டிலும் தலைசிறந்து விளங்கிய இமாம் கஸ்ஸாலி, பேச்சு ஒரு கருவியே என்றும், கொடியவன் தேடும் ஒருவரைக் காப்பதற்கு வேறு வழியில்லாவிடில் பொய் சொல்வது கடமையாகவே ஆகும் என்றும் வாதிட்டார். ஆயினும் அவர் அங்கே நின்றுவிடவில்லை. அனுமதிக்கப்பட்ட பொய்யும் சொல்பவரின் உள்ளத்தைக் கோணலாக்கும் என்று அஞ்சி, இயன்றவரை தஃரீள், அதாவது பொய்யாகாமலே கேட்பவர் வேறுபொருள் கொள்ளுமாறு பேசும் முறை, அதையே நாட வேண்டும் என்றார். இந்த அச்சத்தின் வேர் ஆழமானது. ஹக், அதாவது மெய்ம்மை, இறைவனின் திருப்பெயர்களுள் ஒன்று. சூஃபிக்குப் பொய் என்பது அண்டை மனிதனுக்கு இழைக்கும் அநீதியாக மட்டும் இராமல் இறைவனிடமிருந்து விலகும் ஓர் அடியாகவும் ஆகிவிடுகிறது. ஷரீஅத் என்னும் சட்டம் தரும் சலுகையை, தரீக்கத் என்னும் அகப்பயணம் தயங்கித்தான் பெற்றுக்கொள்கிறது.

பயிற்சிக் காலத்தில் இந்தத் தயக்கம் அலுவலகக் கோப்பிலேயே ஏறிவிட்டது. இரட்டை முகம் காட்டும் எதையும் செய்யத் தமக்கு விருப்பமில்லை என நூர் ஒப்புக்கொண்டதாகப் பயிற்சி அறிக்கை குறிக்கிறது. அவரை அனுப்பவே கூடாது என்று பயிற்சியாளர் சிலர் வற்புறுத்தினர். பொய் சொல்வதே பெரும்பாவம் எனத் தந்தை கற்பித்துவிட்டார் என்று பயிற்சி அதிகாரி ஒருவர் சினந்ததை, அமைப்பின் சங்கேதப் பிரிவுத் தலைவரான லியோ மார்க்ஸ் 1998-இல் வெளியிட்ட நினைவுநூலில் பதிவு செய்திருக்கிறார். மிதிவண்டியில் சென்ற நூரைக் காவலர் ஒருவர் நிறுத்தி விசாரித்தபோது, தாம் ஒற்றராகப் பயிற்சி பெறுவதாகச் சொல்லி வானொலிக் கருவியையும் காட்ட முன்வந்தார் என்ற செய்தியும் அந்நூலில்தான் வருகிறது. மார்க்ஸ் பின்னாளில் நாடகமும் திரைக்கதையும் எழுதியவர். அவர் சொல்லும் நிகழ்ச்சிகளில் நாடகச் சாயல் சற்றுக் கூடுதலாகவே இருக்கக்கூடும். இருந்தாலும் அவர் சொல்லும் தீர்வு, மெய்யியல் நோக்கில், அந்நூலின் மிகச் சிறந்த பகுதி.

சங்கேதச் செய்தி அனுப்புபவருக்கு இரண்டு பாதுகாப்புக் குறிகள் தரப்படுவது வழக்கம். ஒன்று பிடிபட்டால் பகைவரிடம் சொல்லிவிடுவதற்கானது. மற்றொன்று எந்நிலையிலும் மறைக்க வேண்டியது. சிறைப்பட்டவர் முதலதை மட்டும் சொல்லி அவ்வளவுதான் என்று பொய் கூறினால், இரண்டாவது குறி இல்லாத செய்தி லண்டனுக்கு வரும். அவர் பிடிபட்டதை லண்டன் அறியும். இம்முறை சித்திரவதைக்கு நடுவே ஒரு பொய்யை எதிர்பார்க்கிறது. நூரின் ஜாதக நூலைப் படித்துவிட்டு அவரைச் சந்தித்ததாகச் சொல்லும் மார்க்ஸ், அவருக்கென்றே மூன்றாவது ஏற்பாடு ஒன்றைச் செய்தார்: சங்கேதத்துக்குத் திறவுகோலாக அமையும் சொற்றொடரில் 18 எழுத்துகள் வருமாறு ஒருபோதும் அமைக்கக் கூடாது, பிடிபட்டால் மட்டும் அப்படி அமைக்க வேண்டும். இனி இரண்டு குறிகளையும் பற்றிப் பகைவர் கேட்டால் உண்மையையே சொல்லிவிடலாம், ஏனெனில் பதினெட்டைப் பற்றி எவரும் கேட்கப் போவதில்லை. கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்லாமல் இருப்பது பொய்யாகாது. கஸ்ஸாலியின் நூலை மார்க்ஸ் படித்திருந்தாரா என்பது இங்கே பொருட்டன்று. தஃரீளின் நுட்பத்தை எண்களில் அமைத்துத் தந்துவிட்டார் என்பது வியப்புக்குரியது. ஆனால் கடுமையான நோக்குடையவர் இதையும் விடமாட்டார். பகைவர் ஏமாற வேண்டும் என்பதே நோக்கமாக இருக்கையில், நாவில் பொய் ஏறவில்லை என்பதால் மட்டும் உள்ளம் தூய்மையாக இருக்கிறது என்று கொள்ளலாமா என்று அவர் கேட்பார்.

அவ்வாறு கேட்டவர்களில் மூத்தவர் புனித அகஸ்டின். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்பெயினில் பிரிஸில்லியன் கூட்டத்தார் எனப்பட்ட மறைவுச் சமயக் குழுவினரைக் கண்டுபிடிப்பதற்காக, கத்தோலிக்கர் அவர்களைப் போலவே நடித்து உள்ளே நுழையலாமா என்று கேட்கப்பட்டபோது, கூடாது என்பதற்காகவே அவர் பொய்க்கு எதிராக ஒரு நூல் எழுதினார். சமய ஒற்றாடலைப் பற்றிய மிகப் பழைய ஆழ்ந்த விவாதங்களுள் ஒன்று அது. ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட் 1797-இல் எழுதிய கட்டுரை இன்னும் கடுமையானது: கொலைகாரன் வாசலில் நின்று நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லலாகாது. மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் கௌசிகன் என்னும் அந்தணன், ஓடி ஒளிந்தவர்கள் சென்ற வழியைக் கள்வருக்கு உள்ளபடி காட்டி, அந்த உண்மையால் நரகம் புகுந்ததாகக் கண்ணன் அருச்சுனனுக்குச் சொல்கிறான். காண்ட்டுக்கு நேர் எதிரான தீர்ப்பு, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே. எனினும் காண்ட் 1795-இல் நிலைத்த அமைதி பற்றி எழுதியபோது ஒற்றரைப் பயன்படுத்துவதை ஏன் கண்டித்தார் என்பது கவனிக்கத்தக்கது. போரில் பழகிய வஞ்சகம் போரோடு நிற்காது, பின்னர் சமாதானம் பேசுவதற்கு வேண்டிய நம்பிக்கையையும் அரித்துவிடும் என்பது அவர் அச்சம். இங்கே கேள்வி தனிச்சொல்லின் உண்மையிலிருந்து மனிதருக்கிடையிலான நம்பிக்கைக்கு நகர்ந்துவிடுகிறது. நூரின் வாழ்வைப் புரிந்துகொள்ள இந்த நகர்வே உதவும்.

1943 ஜூன் 16 இரவில் சிறு விமானம் ஒன்று அவரைப் பிரான்சின் ஆஞ்சே நகருக்கு அருகே இறக்கியது. மறைபெயர் மதலேன், பொய்ப்பத்திரங்களின்படி அவர் குழந்தைகளைப் பேணும் செவிலி. பத்து நாள்களுக்குள் அவர் சேர வேண்டிய பாரிஸ் வலையமைப்பு தலைவரோடு பிடிபட்டது. திரும்பிவிடுமாறு லண்டன் சொன்னபோது, தொடர்பு அறுந்துவிடும் என்று மறுத்து, முடியின் நிறத்தையும் தங்குமிடத்தையும் மாற்றிக்கொண்டு நான்கு மாதங்கள் செய்தி அனுப்பினார். பொய்ப்பெயரும் பொய்வேடமும் இந்த மாதங்களில் அவருக்குத் தடையாக இருந்ததற்குச் சான்றில்லை. அக்டோபர் நடுவில் பணத்துக்காகக் காட்டிக்கொடுக்கப்பட்டு, ஃபோஷ் அவென்யூ 84-ஆம் எண் கட்டடத்துக்கு, எஸ்.டி. எனப்பட்ட நாஜி உளவுப் பிரிவின் பாரிஸ் தலைமையகத்துக்கு, கொண்டுசெல்லப்பட்டார்.

விசாரணையில் அவர் எதுவும் சொல்லவில்லை என்பதை அந்தக் கட்டடத்தின் தலைவர் ஹான்ஸ் கீஃபரே போருக்குப் பின் உறுதிப்படுத்தினார். நவம்பர் இறுதியில், அங்கேயே சிறைப்பட்டிருந்த பிரிட்டிஷ் அலுவலர் ஜான் ஸ்டார், பிரெஞ்சு விமானப்படை அதிகாரி லெயோன் ஃபாய் இருவரோடும் சேர்ந்து, கூரைச் சாளரத்தின் கம்பிகளைக் கழற்றிக் கூரைவழியே தப்பினார். வான்தாக்குதல் எச்சரிக்கை ஒலித்து, அறைகள் சோதிக்கப்பட்டதால் மூவரும் பிடிபட்டனர். கீஃபர் அவர்கள்முன் ஒரு தாளை வைத்தார். மீண்டும் தப்ப முயலமாட்டோம் என்று கையெழுத்திட்டு வாக்களிக்க வேண்டும். ஸ்டார் கையெழுத்திட்டார். நூரும் ஃபாயும் மறுத்தனர்.

இந்த மறுப்பை நின்று ஆராய வேண்டும். வஞ்சகத்தைத் தொழிலாகக் கொண்டவருக்கு எளிய வழி கையெழுத்திடுவது. கையெழுத்திட்டுவிட்டு அடுத்த இரவே கூரையேறலாம். பகைவரிடம் சொன்ன பொய்யில் ஒன்று கூடியது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று அமைப்பில் எவரும் சமாதானம் சொல்லியிருப்பர். கொடுத்த வாக்கு கட்டும் என்று எண்ணுபவருக்கு மட்டுமே மறுப்பு பொருளுடையதாகிறது. டச்சுச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோட்டியஸ் 1625-இல் வெளியிட்ட போர்ச்சட்ட நூலில் இதே கோட்டை வரைந்திருந்தார்: பகைவரிடம் உண்மையல்லாததைச் சொல்வது, அவருக்கு உண்மையைப் பெறும் உரிமை இல்லாததால், குற்றமாகாது, ஆனால் அவருக்குத் தரும் வாக்குறுதி அவருக்கு ஒரு புதிய உரிமையைத் தருகிறது, ஆகவே அது காக்கப்பட வேண்டும். அகஸ்டினும் பகைவருக்குக் கொடுத்த வாக்கு காக்கத்தக்கது என்று படைத்தலைவர் ஒருவருக்கு எழுதியிருக்கிறார். வேடம் என்பது பகைவர் தாமாகவே கொள்ளும் தவறான எண்ணத்துக்கு இடம்கொடுப்பது. வாக்கு என்பது நம்பும்படி அவரை அழைப்பது. நூர் முதலதற்கு உடன்பட்டு, இரண்டாவதில் பொய் கலக்க மறுத்தார் என்று கொண்டால், மிதிவண்டிச் சாலையில் காவலரிடம் உண்மை சொன்ன பெண்ணும் பாரிஸில் செவிலியாக நடித்த பெண்ணும் ஒருவரே என்பது புலப்படும்.

இதை முழுவதும் தந்தையின் போதனைக்கு வரவு வைப்பது மிகையாகும். ஃபாய் சூஃபி அல்லர், படைவீரர். அவரும் மறுத்தார். நூரும் அதற்குள் அதிகாரிப் பதவி பெற்றவர். சிறைப்பட்டவரின் வாக்குறுதி பற்றிய படைமரபு 1907 ஹேக் விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. இன்னும் விந்தையானது கீஃபரின் நிலை. ஒற்றர்களின் சொல்லை நம்பக் கூடாது என்பதைத் தொழிலாகக் கொண்ட அவர், அவர்களின் கையெழுத்தை நம்பத் தயாராக இருந்தார். கையெழுத்திட்ட ஸ்டாரும் அந்த வாக்கைக் காத்தார். பொய்யே காற்றாக நிறைந்திருந்த கட்டடத்தில் நால்வர் ஒரு வாக்கின் மதிப்பில் மட்டும் கருத்தொருமித்திருந்தனர்.

வாய்மையின் புகழ்ச்சியாக மட்டும் இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. அனுப்பிய செய்திகளின் நகல்களை, கிடைத்த ஆணையைத் தவறாகப் புரிந்துகொண்டோ என்னவோ, நூர் ஒரு குறிப்பேட்டில் வைத்திருந்தார். அது கருவியோடு பகைவர் கையில் சிக்கியது. அவர்கள் அவர் பெயரிலேயே லண்டனுக்குச் செய்தி அனுப்பினர். மதலேனுக்கு விபத்து நேர்ந்துவிட்டது என்று பாரிஸிலிருந்து வந்த எச்சரிக்கையை லண்டன் புறக்கணித்தது. 1944 பிப்ரவரி இறுதியில் அந்தப் பொய்ச்செய்திகளை நம்பி வான்குடையில் குதித்தவர்கள் நேராகக் கைதாயினர். அவர்களுள் ஒருவர் மதலேன் தமெர்மான். சூழ்ச்சிக்கு இசையாத மனம் சூழ்ச்சிக் களத்தில் பிறர் உயிருக்கும் விலையாகலாம் என்ற பயிற்சியாளர்களின் அச்சம் அடிப்படையற்றதன்று. ஆனால் அவ்விலையின் பெரும்பங்கு, எச்சரிக்கையைக் கண்டும் காணாதிருந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்பதே நடுநிலையான தீர்ப்பாகும்.

வாக்களிக்க மறுத்ததன் விளைவு உடனே வந்தது. நூர் ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறைக்கு அனுப்பப்பட்டு, ஏறத்தாழ பத்து மாதங்கள் கைகால் விலங்குகளோடு தனியறையில் வைக்கப்பட்டார். ஒற்றரையும் விசாரணையின்றித் தண்டிக்கலாகாது என்று அதே ஹேக் விதிகள் கூறியிருக்க, 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் வதைமுகாமில் எவ்வித விசாரணையுமின்றிச் சுடப்பட்டார். உடன் சுடப்பட்ட மூன்று பெண்களில் தமெர்மானும் ஒருவர். செப்டம்பர் 13, இனாயத் கான் 1910-இல் இந்தியாவை விட்டு மேற்கே புறப்பட்ட நாளாக அவர் வழிவந்த சூஃபிகள் ஆண்டுதோறும் நினைவுகூரும் நாள்.

1949-இல் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருதளித்தபோது அரசிதழில் வெளியான பாராட்டுரை, பகைவருக்குத் தகவல் தர மறுத்ததையும் தப்பமாட்டேன் என்ற உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்ததையும் சேர்த்தே குறிப்பிட்டு, இரண்டையும் துணிவின் கணக்கில் எழுதியது. தந்தையின் வழிநிற்போர் இரண்டாவது மறுப்பை வாய்மையின் கணக்கில் எழுதுவர். போருக்குப் பின் ஸ்டாரின் நடத்தை விசாரிக்கப்பட்டது. அவர்மேல் குற்றம் எதுவும் நிலைக்கவில்லை. பகைவருக்கு வாக்குக் கொடுத்து அதைக் காத்தவர் அவர். குரோட்டியஸின் அளவுகோலில் அவரும் தவறியவரல்லர். அவரை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதற்கு அரசிதழிலும் விடையில்லை, அறநூல்களிலும் ஒருமித்த விடையில்லை.